அமேசான் காட்டு வீடுகளுக்கு சோலார்: முதலில் காலை வாருவது எது?

கேள்வி (ஆற்றங்கரையான்):
எக்வடோரில் சாலையே போகாத அச்சுவார் பழங்குடி கிராமங்களில் வீட்டுக்கு வீடு சோலார் வைக்கும் ஒரு குழுவுக்கு டிசைனில் உதவுகிறேன். வீட்டுக்கு 5 வாட் எல்இடி பல்பு 3, போன் சார்ஜ், ரேடியோ, அவ்வளவுதான் லோடு. 100 வாட் பேனல், லெட் ஆசிட் (ஈய அமில) பேட்டரி என்று பேச்சு. பூமத்திய ரேகை பக்கம் வெயிலுக்கா பஞ்சம் என்று எல்லோரும் தைரியமாக இருக்கிறார்கள், எனக்குத்தான் உதைக்கிறது.

வாட்கணக்கு:
பேனல் போதும். பல்புகள் 5 மணி நேரம் எரிந்தால் 75 வாட் ஹவர், மற்றதையும் சேர்த்து 120 வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காட்டில் வெயிலைவிட மேகம்தான் அதிகம், மூன்று நாள் தொடர்ந்து மூடிக்கொண்டால் 360 வேண்டும். லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆக இரட்டிப்பாக 720, அதாவது 12 வோல்ட்டில் 60 ஆம்பியர் ஹவர் தேவை, அதைச் சின்ன விமானத்தில் கிலோ கணக்குப் பார்த்து ஏற்ற வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் இன்னும் ஆழமாக இறக்கலாம், 40 ஆம்பியர் ஹவர் போதும், எடையும் பாதிக்குக் கீழே. விலை கூடத்தான், ஆனால் வருஷக் கணக்கில் உழைக்கும். இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம், எல்லாம் பேட்டரி தரும் டிசி மின்சாரத்திலேயே ஓடட்டும்.

மழைக்கம்பம்:
பனையோலைக் கூரைமேல் பேனலை ஏற்றாதீர்கள், திறந்த இடத்தில் கம்பம் நட்டு வையுங்கள். ஒரு மூலையில் மரநிழல் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும். பூமத்திய ரேகையில் கிட்டத்தட்ட மட்டமாக வைத்தால்தான் வெயில் அதிகம் கிடைக்கும், ஆனாலும் 10 முதல் 15 டிகிரி சாய்த்துவிடுங்கள், இலையையும் பாசியையும் மழையே கழுவிவிடும். பேட்டரி சார்ஜாவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியில் கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காவிட்டால் எறும்பு குடியேறிவிடும், ஒயர் மாட்டும் டெர்மினலில் ஈரத்தால் பச்சைத் துரு பூக்கும், அதற்கு கிரீஸ் தடவுங்கள்.

பழைய ஸ்பேனர்:
இதெல்லாம் சரி, ஃபியூஸ் போனால் மாற்றப் போவது யார்? அதே அச்சுவார் பகுதியில் 2017-இல் தபியாத்பியா என்ற சோலார் படகு ஓடத் தொடங்கியது, அதை இறக்கிய காரா சோலார் அமைப்பு அச்சுவார் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வேலையை ஒப்படைக்கிறது. பயிற்சி பெற்றவர்களை முதலில் போய்ப் பாருங்கள். ஊருக்கு இருவருக்காவது வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த பிறகு பேனல் இறங்கட்டும். அடுத்த பேட்டரிக்கான பணத்தை யார், எப்படிச் சேர்ப்பது என்பதை ஊர்க்கூட்டமே முடிவு செய்யட்டும், நீங்கள் வகுத்துத் தராதீர்கள்.

ஆற்றங்கரையான்:
நன்றி. செத்த பேட்டரியை என்ன செய்வது?

பழைய ஸ்பேனர்:
ஏற்றிப்போன விமானம் காலியாகத்தானே திரும்பும், அதிலேயே வெளியே கொண்டுவரச் சொல்லி இப்போதே எழுதி வாங்குங்கள். ஈயம் ஆற்றில் கலந்தால் மீனையே நம்பியிருக்கும் ஊருக்கு ஆபத்து.