கெஸ்ட் ரூமுக்கு சோபா கம் பெட் வாங்கி மாட்டிக்கினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

சத்துவாச்சாரிக்காரன்:
வேலூர்ல வீடு இருந்தா கெஸ்ட் ரூம்னு தனியா பிளான் போட வேணாம், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு காட்ட வர்ற சொந்தக்காரங்களே ஒரு ரூமை கெஸ்ட் ரூம் ஆக்கிடுவாங்க. எங்களுது பத்துக்குப் பத்து. அதுலயே பையன் கம்ப்யூட்டர் டேபிள், அயர்ன் பண்ண வேண்டிய துணி, அரிசி மூட்டை எல்லாம். கட்டில் போட்டா நடக்க வழி இருக்காதுன்னு சோபா கம் பெட் வாங்குனேன், கடையில இழுத்துக் காட்டுனப்போ ஜோரா இருந்துச்சு, நாலு பேர் முன்னாடி படுத்துப் பாக்க வெக்கப்பட்டுகினு உக்காந்து மட்டும் பாத்துட்டு காசை குடுத்துட்டேன்.

போன மே மாசம் போளூர்ல இருந்து அத்தையும் மாமாவும் வந்தாங்க. அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி செக்கப், காலைல சீக்கிரம் போகணும்னு முந்தின நாளே வந்துட்டாங்க. ராத்திரி மூணு மணி இருக்கும், தண்ணி குடிக்க எழுந்தா அத்தை பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துகினு, காலை இன்னொரு சேர்ல நீட்டி வெச்சுகினு, முந்தானையால விசிறிகினு இருக்காங்க. இன்னா அத்தை தூங்கலியான்னா, "புது இடம்டா கண்ணு, எனக்கு அப்படித்தான்"ன்றாங்க. காலைல டீ குடிக்கும்போது மாமாதான் உடைச்சாரு, "ஒரு அடி உயரம்தான இருக்குது மாப்ள, பாத்ரூம் போக எழுந்திரிக்க முடியாம நான்தான் தூக்குனேன், மறுபடி படுக்கவே பயந்துட்டா." பாய் போடலாம்னா தரையில உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி இருக்காங்க.

அவங்க போனப்புறம் நானே ஒரு ராத்திரி படுத்துப் பாத்தேன். ரெண்டு பாதியும் சேர்ற எடத்துல கம்பி, கரெக்டா இடுப்புல.

அப்புறம் ஆசாரி கிட்ட சொல்லி 6க்கு 3ல ஒரு கட்டில் பண்ணிட்டேன். அவரு என்னை சேர்ல உக்கார வெச்சு முழங்கால் மடிப்புல இருந்து தரை வரைக்கும் டேப் வெச்சாரு, 18 இன்ச். மெத்தையோட சேத்து அதுக்கு மேல ஒரு இன்ச் வரணும், கட்டிலை மட்டும் அளந்துட்டு ஏமாறாதீங்கன்னாரு. கட்டில் 15, மெத்தை 4. அரிசி மூட்டை கட்டிலுக்கு அடியில போயிடுச்சு, பகல்ல சுவரோரம் ரெண்டு தலகாணி சாச்சா அதான் சோபா.

குடியாத்தம் தம்பி:
அண்ணே இன்னா மெத்தைன்னு சொல்லலியே. நாங்க ஆன்லைன்ல மெமரி ஃபோம் எடுத்தோம், மார்கழில சொர்க்கம், கத்திரில ராத்திரி கரண்ட் போச்சுன்னா முதுகு வெந்துடுது, உடம்பு சூடு வெளிய போறதே இல்ல. இப்ப தேங்கா நார் மெத்தை போட்டு மேல மெல்லிசா இலவம் பஞ்சு. பஞ்சை மட்டும் அப்பப்ப மொட்டை மாடில வெயில் காட்டணும், இல்லன்னா கட்டி கட்டியா ஆயிடும்.

ஆற்காட்டு அக்கா:
டபுள் காட் மட்டும் வாங்கிடாதீங்க. எங்க வீட்டுக்கு வர்றது ஒரு நாள் புருஷன் பொண்டாட்டி, ஒரு நாள் மாமியாரும் மருமகளும், ஒரு நாள் பேஷண்டும் கூட வர்ற தம்பியும். ரெண்டு சிங்கிளா போட்டா சேக்கவும் செய்யலாம், பிரிக்கவும் செய்யலாம். அடியில பெட்டி வெச்ச கட்டில்னா பலகையில ஓட்டை போடச் சொல்லுங்க, எங்களுது மழைக்காலத்துல மெத்தைக்கு அடியில பூசணம் பூத்து நாறிடுச்சு.

சத்துவாச்சாரிக்காரன்:
தம்பி, நம்மளுதும் தேங்கா நார்தான். அக்கா, ரெண்டாவது கட்டில் போட்டா பையன் டேபிள் மேலதான் படிக்கணும் 😄 மாமாவுக்கு மடக்கு நவார் கட்டில் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன்.

அந்த சோபா கம் பெட் யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க. உக்கார ஜோரா இருக்கும், கம்பி இருக்குதுன்னு இப்பவே சொல்லிட்டேன்.