யொந்துங்ஹ்வே: பார்த்த ஆண்டும் ஏந்திய ஆண்டும்

சியோலில் நடைபெறும் யொந்துங்ஹ்வே விளக்குத் திருவிழாவுக்கு நான் இருமுறை சென்றிருக்கிறேன். 2023ஆம் ஆண்டில் சாலையோரத்தில் அமர்ந்து பார்த்தேன். 2024ஆம் ஆண்டில் என் கையால் செய்த விளக்கை ஏந்தி ஊர்வலத்தில் நடந்தேன். இரண்டாவது முறைதான் அந்தத் திருவிழா எனக்குப் புரிந்தது என்பதால், அங்கே செல்ல நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கொரியாவில் புத்தர் பிறந்த நாள் சந்திர நாட்காட்டியின் நான்காம் மாதம் எட்டாம் நாளில் வருகிறது. பெரும்பாலும் அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலையில் பெரிய ஊர்வலம் நடக்கும். கிழக்குக் கோட்டை வாயிலான ஹுங்இன்ஜிமுன்னில் தொடங்கி, ஜோங்நோ சாலை வழியாக ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடந்து ஜோக்யேசா கோயிலை அடைகிறார்கள். எந்நேரமும் பேருந்துகள் நெருக்கியடித்துச் செல்லும் அந்தச் சாலையில் அன்று வண்டிகளை நிறுத்திவிட்டு, இருபுறமும் நாற்காலிகளைப் போட்டுவிடுகிறார்கள். முதல் ஆண்டில் நான் கண்டது அந்தப் பிரமாண்டத்தைத்தான்: நெருப்பு உமிழும் டிராகன், வெள்ளை யானை, நான்கு திசைக் காவலர்கள் என்று கம்பிச் சட்டத்தில் காகிதம் ஒட்டிச் செய்த உருவங்கள் உள்ளிருந்து ஒளிவிட்டபடி ஊர்ந்து வந்தன. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அவற்றுக்கு இடையில் வரிசை வரிசையாக நடந்து சென்ற ஆயிரக்கணக்கானோரின் கைகளில் இருந்த சிறு விளக்குகளை நான் கூர்ந்து பார்க்கவே இல்லை.

அடுத்த ஆண்டு, என்னுடன் வேலை செய்யும் கொரிய நண்பர் தம் தாயார் செல்லும் சிறிய கோயிலில் விளக்கு செய்கிறார்கள் என்று சொல்லி அழைத்துச் சென்றார். கோயில் பணிகளைச் செய்யும் பெண்களை அங்கே ‘போசால்நிம்’ என்று மரியாதையாக அழைக்கிறார்கள். அந்தச் சொல் போதிசத்துவரிலிருந்து வந்தது என்பதை அறிந்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு போசால்நிம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். சுருக்கம் விழுந்த மெல்லிய காகித இதழின் நுனியில் விரலால் சிறிது பசையைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து ஒரே திருகாகத் திருகினால், தட்டையாக இருந்த தாள் தாமரை இதழாகக் கூம்பிவிடுகிறது. அவற்றை மேல்வரிசையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு ஒட்டிக்கொண்டே வந்து, கடைசியில் அடிப்பகுதியில் பச்சை இலைகளை ஒட்ட வேண்டும். பசை கூடினால் இதழ் கருத்துவிடும். குறைந்தால் நடக்கும்போது உதிர்ந்துவிடும். நான் ஒட்டிய முதல் வரிசையை அவர் ஒன்றும் பேசாமல் மெதுவாகப் பிரித்தெடுத்துவிட்டு, என் விரல்களைப் பிடித்து மீண்டும் திருகிக் காட்டினார். ஒரு விளக்கை முடிக்க எனக்கு அன்றைய பிற்பகல் முழுவதும் ஆயிற்று. விரல் நுனிகளில் ஏறிய இளஞ்சிவப்புச் சாயம் இரண்டு நாள் போகவில்லை.

பெயரைப் பற்றி நிலவும் ஒரு குழப்பத்தையும் அவர்தான் தீர்த்துவைத்தார். தாமரை விளக்குகளே அதிகம் கண்ணில் படுவதால் ‘தாமரை விளக்கு விழா’ என்றே நான் எண்ணியிருந்தேன். கொரிய மொழியில் ‘தாமரை விளக்கு’, ‘விளக்கேற்றுதல்’ இரண்டும் ‘யொந்துங்’ என்ற ஒரே ஒலியில் அமைந்திருந்தாலும், விழாப் பெயரை எழுதும் சீன எழுத்துக்கு விளக்கேற்றுதல் என்றே பொருள். இந்த வழக்கம் மிகப் பழையது. 866ஆம் ஆண்டில் கொரியாவின் பழைய அரசான சில்லாவின் அரசர் கியோங்முன் முதல் மாதப் பௌர்ணமியன்று ஹ்வாங்ன்யோங்சா கோயிலுக்குச் சென்று விளக்குகளைக் கண்டார் என்று பழைய வரலாற்று நூலான சம்குக் சாகி குறிப்பிடுகிறது. அடுத்து ஆண்ட கோரியோ அரச மரபின் காலத்தில் அது அரசு விழாவாயிற்று. பின்னர் வந்த ஜோசன் அரசு பௌத்தத்தை ஒதுக்கிவைத்தபோதும் மக்கள் அதைக் கைவிடவில்லை. வீட்டு முற்றத்தில் கம்பம் நட்டு, வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை விளக்குகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அரசு கைவிட்டதைக் குடும்பங்கள் காப்பாற்றின என்பதே இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொட்ட பகுதி. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் கலாசார மரபாக ஏற்றது. பெருந்தொற்றினால் ஊர்வலமே நடக்காமல் போன அதே ஆண்டில் அந்த அங்கீகாரம் வந்தது.

2024 மே 11 அன்று மழை பெய்தது. விளக்குகளின் மேல் கண்ணாடித்தாள் உறைகளை மாட்டிக்கொண்டு, மழையங்கியுடன் நடந்தோம். என் உறை ஒரு பக்கம் விலகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஜோங்நோவின் பாதித் தூரம் வருவதற்குள் அந்தப் பக்கத்து இதழ்கள் நனைந்து தொங்கிவிட்டன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்வரிசையில் நடந்த போசால்நிம் திரும்பிப் பார்த்து, தம் கைக்குட்டையால் ஈரத்தை ஒற்றியெடுத்து, உறையைச் சரியாக இழுத்துக் கட்டிவிட்டு, மீண்டும் வரிசையில் சேர்ந்துகொண்டார். சாலையோரத்தில் குடை பிடித்து அமர்ந்திருந்தவர்கள் கையசைத்து வாழ்த்தியபடியே இருந்தார்கள்.

ஜோக்யேசா முற்றத்தை அவசியம் பாருங்கள். பழைய மரங்களுக்கு அடியில் வானமே தெரியாதபடி பல வண்ண விளக்குகள் நெருங்கித் தொங்க, ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதிய காகிதச் சீட்டு காற்றில் ஆடுகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளை விளக்குகள் இருக்கும். அவை இறந்தவர்களுக்கானவை. வண்ண விளக்குகளின் கீழே படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே வந்ததும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு பெண்மணி ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்து, தாம் தேடிய பெயரைக் கண்டதும் அந்த விளக்கின் கீழே நகராமல் நின்றார்.

செல்வதாக இருந்தால், ஊர்வல நாளைக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், சில வாரங்கள் முன்னதாகவே அருகிலுள்ள கோயிலில் விளக்கு செய்ய இடம் உண்டா என்று கேளுங்கள். என் விளக்கு இப்போது என் அறை ஜன்னலோரம் தொங்குகிறது. உதிர்ந்த நான்கு இதழ்களை ஒட்டுவதற்காகப் போசால்நிம் கொடுத்தனுப்பிய புதிய தாள்கள் மேசையில் இருக்கின்றன. திருகுவதற்கு இப்போது எனக்குத் தெரியும்.