440சி மீன் கத்திக்கு மின்சார உலை: எது வாங்கலாம்?

தேவிபட்டினம்_பட்டறை:
சின்னப் பட்டறை. லாரி ஸ்பிரிங் பட்டையில் மீன் கத்தி, அரிவாள் அடிக்கிறோம், அப்பா காலத்திலிருந்து சீமைக்கருவேலங் கரிதான். இப்போது மீன் வெட்டுபவர்கள் துருப்பிடிக்காத கத்தி கேட்கிறார்கள். 440சி என்ற துருப்பிடிக்காத எஃகு ரகத்தில் தகடு பார்த்து வைத்திருக்கிறேன். கத்தி 14 அங்குலம் வரை போகும், லைன் சிங்கிள் ஃபேஸ். கடைக்காரர் ஒருவர் 1200 டிகிரி, 3.5 கிலோவாட் மஃபிள் ஃபர்னஸ் (மூடிய பெட்டி போன்ற மின் உலை) காட்டினார். வாங்கலாமா?

கரிமூட்டம்:
வீண் செலவு தம்பி. காந்தம் ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் நிறம் ஏறவிட்டு எண்ணெயில் தோய்ச்சல் போட்டால் முடிந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் கரிக்கா பஞ்சம்?

கீழக்கரை_லேத்:
அண்ணே, லாரி பட்டைக்கு நீங்கள் சொல்வது சரி. அதற்கு ரகத்தைப் பொறுத்து 830லிருந்து 870 டிகிரி போதும். 440சி அப்படி இல்லை. 1010க்கும் 1065க்கும் நடுவில் பிடித்து, உள்ளே இருக்கும் கார்பைடு (கார்பன் சேர்ந்த கடினத் துகள்) கரைய நேரம் கொடுக்க வேண்டும். காந்தம் 770 பக்கமே கைவிட்டுவிடும், அதற்கு மேல் கண்தான் கணக்கு. 1030க்கும் 1090க்கும் நிற வித்தியாசம் சொல்ல எத்தனை பேரால் முடியும்? சூடு கூடினால் உள்மணி பெருத்து விளிம்பு பொரிந்து உதிரும்.

கரிமூட்டம்:
கண் பழகினால் தெரியும், காக்கா. பாதி வேலையில் கரண்ட் போனால் உங்கள் மெஷின் என்ன செய்யும்?

கீழக்கரை_லேத்:
செங்கல் சூட்டை விடாது, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். கத்தி ஒன்றும் கெட்டுப்போகாது. தேவிபட்டினம், 1200 என்பது அந்த உலையின் உச்சம். தினமும் 1050ல் ஓட்ட அது பொருத்தம்தான். 1100 என்று எழுதிய மலிவு உலையை மட்டும் எடுக்காதீர்கள், எப்போதும் கழுத்தளவில் ஓடும். சூடேற்றும் கம்பி காந்தலா (இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது) நைக்ரோமா (நிக்கல், குரோமியம் கலந்தது) என்றும் கேளுங்கள். காந்தல் என்றால் வேலை தொடங்கும் முன் வெறும் உலையைச் சுமார் 1050ல் சில மணி நேரம் ஓட்டி, கம்பி மேல் அலுமினா படலம் படிய விட வேண்டும். அந்தப் படலம்தான் அதற்கு உயிர்.

பாம்பன்_காத்து:
அந்தப் படலத்துக்கு எமன் உப்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் பட்டறையில் குறட்டைத் தொட்டாலே கை பிசுபிசுக்கும். உப்பு படிந்த இரும்பை அப்படியே உள்ளே வைத்தால் குளோரைடு ஆவியாகிக் கம்பியை அரித்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்து வையுங்கள். எப்போதும் கதவை மூடியே வையுங்கள். சமையல் உப்பு 801ல் உருகும், மீட்டர் சரியா என்று அதை வைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதை இந்த உலைக்குள் செய்யாதீர்கள்.

மண்டபம்_வெல்டர்:
உலையை விடுங்கள், முதலில் வோல்டேஜ் எவ்வளவு? 3.5 கிலோவாட் என்பது 230 வோல்ட்டில் கிடைப்பது. வோல்டேஜ் இறங்கினால் சூடு அதன் வர்க்கத்தில் இறங்கும். 190 வந்தால் கையில் 2.4 கிலோவாட்தான். 800 வரை ஓடிப்போய், 1000க்கு மேல் மூச்சு வாங்கும். அந்த வாட்டுக்கு 14 அங்குலக் கத்தி நுழையும் நீளப் பெட்டி பெரிது வேறு.

கரிமூட்டம்:
ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகிவிடாதா? வீட்டு ஏசிக்குப் போட்டிருக்கிறேன்.

மண்டபம்_வெல்டர்:
அண்ணே, அது லைனிலிருந்து இன்னும் கூடுதல் ஆம்பியரை இழுத்துத்தான் ஏற்றிக் கொடுக்கும். ஏற்கெனவே தள்ளாடுகிற லைன் இன்னும் இறங்கும். 3.5 கிலோவாட்டே 15 ஆம்பியருக்கு மேல் போகிறது, பிளக்கில் சொருகி ஓட்டும் சாமான் இல்லை. தனி வயர், தனி எம்சிபி. அப்புறம் கம்பிக்குக் கரண்ட்டை விட்டு நிறுத்தும் எஸ்எஸ்ஆர் (மின்னணு சுவிட்ச்) கெட்டால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். சூட்டைப் பார்த்துக்கொள்ளும் பிஐடி கன்ட்ரோலர் நிறுத்தச் சொல்லும், உலை கேட்காது. தனியாக ஒரு காண்டாக்டரும் (கரண்ட்டை அறுக்கும் பெரிய சுவிட்ச்), சூடு அளவு மீறினால் வெட்டிவிடும் இரண்டாவது கன்ட்ரோலரும் இல்லாத உலை என்றால் நான் வாங்கமாட்டேன். கதவைத் திறந்ததும் கரண்ட்டை அறுக்கும் சுவிட்ச் அதைவிட முக்கியம். இரும்புக் குறடு கம்பியில் பட்டால் 230 வோல்ட் நேராகக் கைக்கு வரும்.

பாம்பன்_காத்து:
யாரும் சொல்லவில்லை, டெம்பருக்கு (கடினமான கத்தி நொறுங்காமலிருக்க மறுபடி லேசாகச் சூடாக்குவதற்கு) என்ன செய்வீர்கள்? 1050லிருந்து 200க்கு ஆற அந்தச் செங்கலுக்குப் பல மணி நேரம் ஆகும். கடினப்படுத்திய கத்தியை அதுவரை அப்படியே போட்டு வைத்தால் வெடிப்பு விடலாம். தனியாக ஒரு பெரிய ஓடிஜி அடுப்பு வாங்கி, உள்ளே சூடு அளக்கும் கே டைப் கம்பி விட்டு அளந்துகொள்ளுங்கள். அதன் டயலை நம்பாதீர்கள்.

கரிமூட்டம்:
ரொட்டி சுடும் அடுப்பில் கத்தி! சரி, 440சி கரியில் வராது, ஒத்துக்கொள்கிறேன். லாரி பட்டை வேலைக்கு மட்டும் இவ்வளவு கரண்ட் எரிக்காதே தம்பி.

தேவிபட்டினம்_பட்டறை:
பட்டை வேலை கரியிலேயே ஓடும் அண்ணே. நேற்று ராத்திரி 8 மணிக்கு அளந்தேன், 196.

மண்டபம்_வெல்டர்:
அப்படியென்றால் சுமார் 2.5 கிலோவாட். பகல் 11 மணிக்கும் அளந்து போடுங்கள். 225 பக்கம் நின்றால் 440சி வேலையைப் பகலுக்கு வைத்துக்கொண்டு இதே உலையை வாங்குங்கள். நிற்காவிட்டால் முதலில் த்ரீ ஃபேஸுக்கு எழுதிக் கொடுங்கள், உலையை அப்புறம் பேசலாம்.