அரசியல் பேசலாமா, வேண்டாமா?

வாட்ஸ்அப் குழு: தாத்தா வீட்டார்
9 மார்ச் 2025, ஞாயிற்றுக்கிழமை

மதுரைச் சித்தப்பா, காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களின் எம்.பி. இடங்களை மாற்றிப் பங்கிடுவது பற்றி வெள்ளிக்கிழமை இரவு இங்கே நடந்ததை விவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் துரோகி, விலைபோனவர் என்று எழுதும் அளவுக்குப் போய்விட்டோம். அதில் நானும் ஒருவன். ஆகையால் இனி இக்குழுவில் பிறந்தநாள், திருமணம், உடல்நலம், குலதெய்வக் கோயில் செய்திகள் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியன். 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவன். யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட் வெளியே போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

சென்னை அத்தை, காலை 7:40
தம்பி சொல்வதை நான் ஏற்கிறேன். பெரியண்ணனும் நானும் நாற்பது ஆண்டுகளாக வெவ்வேறு கட்சிகளுக்கு வாக்களித்து வருகிறோம். ஊர் வீட்டுக் கூடத்தில் நாளிதழை நடுவில் விரித்துப்போட்டு எத்தனையோ தேர்தல்களை அலசியிருக்கிறோம். குரல் உயரும்போதே எதிரில் இருப்பவரின் முகம் வாடுவது தெரியும், பேச்சைத் தணித்துக்கொள்வோம். கைப்பேசியில் முகம் தெரிவதில்லை. 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது அம்மாவை, குழந்தை கடத்துபவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அடித்தே கொன்றார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் இக்கருவியில் சூடான எதையும் பேசக் கூடாது என்றே நினைக்கிறேன்.

நான், காலை 8:25
இக்குழுவைத் தொடங்கியவன் என்ற முறையில், நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்று அமைப்பை மாற்றிவிடுவது எனக்கு ஒரு நொடி வேலை. அதற்கு முன் வெள்ளிக்கிழமை இரவின் செய்திகள் முழுவதையும் மறுபடி படித்தேன். மொத்தம் 58. அவற்றில் 37 வேறெங்கிருந்தோ வந்த ஃபார்வர்டுகள்; அவற்றிலும் பாதிக்கு மேல் இரட்டை அம்புக்குறி தாங்கியவை, அதாவது நம்மிடம் வருமுன்பே பலமுறை கைமாறியவை. துரோகி, விலைபோனவர் என்ற சொற்கள் முதலில் வந்தது அவற்றில்தான். நம்மில் எவரும் நம் வீட்டாரை நினைத்து அவற்றை அனுப்பவில்லை. யாரையோ குறித்து யாரோ எழுதியதை அனுப்பினோம், படித்தவர் அது தம்மைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு அதே சொல்லால் திருப்பியடித்தார். அந்தப் பத்திகளை எழுதியவருக்குப் பெரியப்பாவையும் தெரியாது, சித்தப்பாவையும் தெரியாது. அத்தை சொல்லும் முகவாட்டத்தைப் பற்றி அவர் கவலைப்பட வழியே இல்லை.

2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு அறிவித்தது. 2020 ஏப்ரலில் பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அதை ஒன்றாகக் குறைத்தது. கருவியைச் செய்தவர்களே அஞ்சியது இந்த ஓட்டத்தைக் கண்டுதான். அரசியலை விலக்கினால் நம் மனத்தாங்கல் தீராது. இரவல் வாயால் பேசுவதை நிறுத்தினால் தீரும் என்பது என் கருத்து.

பெரியப்பா, காலை 9:03
அதிகமாக ஃபார்வர்டு செய்தவன் நான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கண்ணுக்கும் விரலுக்கும் தமிழில் தட்டச்சு செய்வது எளிதில்லை. என் மனத்தில் உள்ளதை என்னைவிட நன்றாக ஒருவர் எழுதியிருந்தால் அதை அனுப்புவதில் என்ன தவறு? அப்பாவுக்குப் பார்வை மங்கிய பின் நாளிதழ்த் தலையங்கத்தை உரக்கப் படித்துக் காட்டியவன் நான். அதுவும் பிறர் எழுத்துத்தானே?

நான், காலை 9:10
படித்து முடித்ததும் தாத்தா உங்களைப் பார்த்து, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்பார் என நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், பெரியப்பா. நாங்கள் உங்களிடம் அதைக் கேட்கவே இல்லை, நீங்களும் சொல்லவில்லை.

பெங்களூரு அக்கா, காலை 9:48
தம்பி எண்ணியது சரிதான். ஆனால் எண்ணிக்கையில் அகப்படாத ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை சொந்தமாக எழுதப்பட்டவற்றில் நீளமானது என் செய்தி. மக்களவையில் இப்போதுள்ள 543 இடங்களை 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகையை மட்டும் வைத்துப் பங்கிட்டால், தமிழ்நாட்டின் 39 இடங்கள் ஏறத்தாழ 32 ஆகக் குறையும், உத்தரப் பிரதேசத்தின் 80 இடங்கள் ஏறத்தாழ 90 ஆக உயரும் என்று தாளில் வகுத்துப் பார்த்து எழுதினேன். இரண்டே நிமிடத்தில் 'உனக்கு இதெல்லாம் புரியாது, வேலையைப் பார்' என்று பதில் வந்தது. பின்னாலேயே ஏழு ஃபார்வர்டுகள் வந்து என் செய்தியைக் கண்ணில் படாமல் மேலே தள்ளிவிட்டன. அந்த ஒரு வரியில் கெட்ட சொல் எதுவும் இல்லை. ஆனாலும் துரோகி என்ற சொல்லைவிட அதுதான் என் வாயை அடைத்தது.

கூடத்தில் சண்டை வந்ததில்லை என்று அத்தை எழுதியதை நான் மறுக்கவில்லை. அங்கே அமர்ந்து பேசியவர்கள் யார் யார் என்று மட்டும் கேட்கிறேன். அம்மாவும் பெரியம்மாவும் சித்தியும் அடுப்படியிலிருந்து காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இக்குழுவில்தான் முதன்முதலாக எல்லார் பெயரும் ஒரே வரிசையில் இருக்கின்றன. அரசியலை நிறுத்திவிட்டால் பெரியவர்கள் பழையபடி நேரில் பேசிக்கொள்வார்கள். நாங்கள் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருப்போம்.

தைவானில் 2015-ஆம் ஆண்டு, ஊபர் கார்களை எப்படி அனுமதிப்பது என்று இணையத்தில் மக்களைக் கேட்டார்கள். அதற்குப் பயன்படுத்திய மென்பொருளில் ஒருவர் எழுதிய கருத்துக்குப் பதில் எழுதும் வசதியே கிடையாது. ஏற்கலாம், மறுக்கலாம், கடந்து போகலாம். வேறு எண்ணம் இருந்தால் அதைத் தனிக் கருத்தாக எழுத வேண்டும். 'உனக்குப் புரியாது' என்று எழுத அங்கே இடமில்லாததால், காப்பீடு, உரிமம் ஆகியவற்றில் எதிரெதிர்த் தரப்பினரும் ஒத்துப்போவது வெளியே தெரிந்தது. நம் குழுவில் அப்படிப்பட்ட வசதி இல்லை. ஆகவே அதை நாமே கைக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்னை அத்தை, காலை 10:15
நீ கேட்டது சரி, அம்மா. நான் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தது அந்த வீட்டில் பிறந்த பெண் என்பதால். என் புகுந்த வீட்டில் நானும் அடுப்படியில்தான் இருந்தேன். இத்தனை ஆண்டுகளில் இரண்டையும் சேர்த்து நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மதுரைச் சித்தப்பா, காலை 10:31
அந்த வரியை எழுதியவன் நான். வகுப்பில் மாணவியர் எழுந்து கேள்வி கேட்க வேண்டும் என்று நாள்தோறும் சொல்கிறவன், அண்ணன் மகள் கணக்குப் போட்டுக் காட்டியபோது அப்படி எழுதியிருக்கிறேன். அது தவறு, என்னை மன்னித்துவிடு, அம்மா. என் வேலையைப் பற்றிய அச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது, ஆகவே நான் கட்சி சார்ந்து எதுவும் எழுத மாட்டேன். மற்றவர்கள் பேசுவதை நிறுத்தச் சொல்லி இனிக் கேட்கவும் மாட்டேன்.

நான், காலை 10:50
அப்படியானால் குழுவைப் பூட்டவில்லை. அரசியல் பற்றி எதை அனுப்பினாலும் அதனோடு தம் எண்ணத்தை இரண்டு வரியாவது சொந்தமாக எழுத வேண்டும் என்றும், எண் ஒன்றைச் சொன்னால் அது எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பவரைக் கோபிக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எழுதப்படுவது இக்குழுவைத் தாண்டிப் போக வேண்டாம். சித்தப்பாவின் நிலைமையை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

பெரியப்பா, மாலை 5:20
பேசினால் எழுத்தாகும் வசதியைப் பேரன் சொல்லிக்கொடுத்தான். இது முழுவதும் நானே சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தில் ஓர் எம்.பி. சராசரியாக ஏறத்தாழ 25 லட்சம் பேருக்குப் பிரதிநிதி. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 18.5 லட்சம் பேருக்கு. கான்பூரில் ரிக்‌ஷா ஓட்டுபவரின் வாக்கு என் வாக்கைவிட எடை குறைந்து நிற்பது எந்த நியாயம்? நம் இடங்கள் குறையுமே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் இடப் பங்கீடு 1971 கணக்கெடுப்பிலேயே எக்காலமும் நிற்க வேண்டும் என்று சொல்ல என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நீ போட்ட கணக்கை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். உன் பதில் எனக்கு வேண்டும், மகளே.

பெங்களூரு அக்கா, மாலை 6:02
இரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தேன், பெரியப்பா, சரியாக இருக்கின்றன. இந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் 1976-இல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் இடப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்ததே, குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே சென்ற மாநிலம் அதன் காரணமாக நாடாளுமன்றத்தில் பலம் இழந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்ததும் அதே எண்ணத்தில்தான். மேலும், 41 ஆக இருந்த நம் இடங்கள் 1967 தேர்தலில் 39 ஆகின; ஒருமுறை இழந்தவர்கள் நாம். கான்பூர் ரிக்‌ஷாக்காரருக்கு நேரும் குறை உண்மையானது. அதைத் தீர்ப்பதற்காக, நாடு சொன்னதைக் கேட்டு நடந்த மாநிலத்தின் குரலைத் தாழ்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் இன்னும் உங்களோடு உடன்படவில்லை.

பெரியப்பா, மாலை 6:34
41 இடங்கள் இருந்ததை மறந்தே போயிருந்தேன். நானும் உன்னோடு உடன்படவில்லை. ஆனால் இதையும் யோசித்துப் பார்: மாநிலங்களவையில் இப்போது நமக்கு 18 இடங்கள், உத்தரப் பிரதேசத்துக்கு 31. மக்களவையை மக்கள்தொகைக்கு விட்டுவிட்டு, மாநிலங்களவையில் எல்லா மாநிலங்களுக்கும் சமமான இடம் என்று வைத்தால் உன் கவலை தீருமா? இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழுதினால் போதும், அவசரமில்லை. உன் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து வந்த எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறாள். தனக்கும் இதில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்கிறாள். கைப்பேசியை அவளிடம் கொடுக்கிறேன்.