சுதா ரகுநாதன் கச்சேரியை முதன்முறையாக நேரில் கேட்கப் போகிறேன்: சில ஐயங்கள்

தங்கச்சிமடத்துக்காரி:

அனைவருக்கும் வணக்கம். நான் இராமேசுவரத்தில் சங்கு, சிப்பிப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் வேலை பார்க்கிறேன். கூட்டம் குறைந்த மதிய வேளைகளில் திருமதி சுதா ரகுநாதன் அவர்களின் பாடல்களைக் கைபேசியில் கேட்டுக் கேட்டு, எந்த அடியில் எங்கே நிறுத்துவார் என்பதுகூட எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் இராகத்தின் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கடல் தொழில் செய்யும் எங்கள் குடும்பத்தில் இந்த இசையைக் கேட்பவர் வேறு எவரும் இல்லை.

வரும் மார்கழியில் சென்னைக்குச் சென்று அவரை நேரில் கேட்டுவிட வேண்டும் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பாடல்களை அவர் அன்று பாடாமல் போனால் ஏமாந்து திரும்ப நேருமோ? தாளம் போடத் தெரியாத ஒருத்தி தனியாக வந்து உட்கார்ந்தால் சுற்றியிருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களோ? சென்னைக்குப் பதிலாகத் தியாகராசர் ஆராதனைக்குத் திருவையாற்றுக்குப் போகலாம், அங்கே கட்டணமே இல்லை என்று ஒருவர் சொன்னார். அது சரியான யோசனைதானா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மயிலை ரசிகன்:

சகோதரிக்கு வணக்கம். தங்களுக்குத் தெரிந்த பாடலை அவர் பாடினாலும்கூட, தாங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வடிவத்தில் அது இருக்காது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். பாட்டுக்கு முன்னால் சொற்களின்றி இராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனை, பாட்டின் ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவல், அதன்பின் ச, ரி, க, ம என்று ஸ்வரங்களைக் கோத்துப் பாடும் கற்பனை ஸ்வரம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் மேடையில் அந்த நேரத்தில் பிறப்பவை. பாடகர் இராகத்தின் சிறு துண்டாகிய ஒரு பிடியைப் பாடி நிறுத்த, வயலின்காரர் அதைக் கேட்டு அப்போதே தம் வழியில் திருப்பிச் சொல்வதும், அது நன்றாக அமைந்தால் பாடகரே தலையசைத்து மெச்சுவதும் கைபேசியில் தென்படாதவை. ஆகவே இருவர் முகமும் தெரியும்படி நடுப்பகுதியில் இடம் கிடைத்தால் நல்லது. ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் உட்கார வேண்டாம். சில அரங்குகளில் மிருதங்கம் குரலையே விழுங்கிவிடுகிறது.

இரண்டு, இரண்டரை மணி நேரக் கச்சேரியில் முதல் உருப்படிகள், அதாவது பாடல்கள், சுருக்கமாகவே போகும். விரிவான முக்கிய உருப்படி பாதிக்கு மேல்தான் வரும். அதன் முடிவில் மிருதங்கமும் கடமும் அல்லது கஞ்சிராவும் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் அமையும். தங்களுக்குப் பழக்கமான சிறு பாடல்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு துக்கடாப் பகுதியில் வரக்கூடும். விருப்பப் பாடலைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. பாடுவது அவர் விருப்பம். மாலைக் கச்சேரிகளுக்குக் கட்டணம் உண்டு. பருவம் முழுவதற்குமான சீட்டை வாங்கிவிடும் பழைய ரசிகர்கள் முன்வரிசைகளை நிரப்பிவிடுவார்கள் என்பதால், நிகழ்ச்சி நிரல் வெளியானதும், கச்சேரி நடத்தும் அந்தந்தச் சபாவில் விசாரித்து, ஒரு கச்சேரிக்கான சீட்டை வாங்கிவிடுங்கள்.

சேதுக்கரையான்:

மேலே உள்ளவர் சொன்ன வரிசை தானாக வந்ததன்று. இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் என்று போற்றப்படும் அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967), இராமநாதபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கிய பூச்சி சீனிவாச ஐயங்காரின் மாணவர். இந்த இசை நம் கரைக்கு அந்நியம் என்று தங்களிடம் யாரேனும் சொன்னால் இதைச் சொல்லுங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிக்கென்று எழுந்து போகிறவர்களையும் தாங்கள் சென்னையில் பார்ப்பீர்கள். மிருதங்க மேதை முருகபூபதி பிறந்த இராமநாதபுரச் சீமையிலிருந்து செல்லும் தாங்கள் அதைச் செய்யக் கூடாது என்பது என் அன்பான வேண்டுகோள். சபா கேன்டீன் கச்சேரிக்கு முன்னும் திறந்துதான் இருக்கும்.

திருவையாறு வேண்டாம் என்றே சொல்வேன். தியாகராசரின் நினைவு நாளான ஆராதனையன்று காவிரிக் கரையில் பெரிய வித்துவான்களும் இளையவர்களும் வரிசையாக அமர்ந்து, அவர் இயற்றிய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவது கட்டாயம் ஒருமுறை காண வேண்டிய காட்சிதான். ஆனால் அங்கே தனித்துப் பாடும் கலைஞருக்குச் சிறிது நேரமே கிடைக்கும். அதற்குள் ஓர் இராகம் விரிவதற்கு வழியில்லை. ஒருவரை முழுமையாகக் கேட்க விரும்புகிறவருக்கு அது ஏற்ற இடம் அன்று.

அடையாற்றுவாசி:

சுற்றியிருப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்ற கேள்வியை இருவரும் கடந்து போய்விட்டார்கள். சபா அரங்குகளில் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களே நெடுங்காலமாக நிறைந்திருக்கிறார்கள் என்பது உண்மை. அதை மறைத்துத் தங்களை அனுப்ப நான் விரும்பவில்லை. பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பிலேயே கர்நாடக இசையை மேடையேற்றிய விழா 2015இல் தொடங்கப்பட்டதற்கும் அந்த நிலைமையே ஒரு காரணம். ஆயினும் சீட்டு வாங்கி உள்ளே வந்தவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. தாளம் போடாமல் அமைதியாகக் கேட்பவரே பக்கத்து இருக்கைக்காரருக்கு உபகாரம் செய்பவர். தப்பாகத் தாளம் போட்டுத் தொடையில் அடித்துக்கொண்டே இருப்பவர்களிடம் நான் பட்ட பாடு கொஞ்சமன்று. புடவையோ சுடிதாரோ, எது தங்களுக்கு வசதியோ அதையே உடுத்தி வாருங்கள். கூச்சம் அதிகமாக இருந்தால், அன்று பிற்பகலில் இளைஞர்கள் பாடும் இலவசக் கச்சேரி ஒன்றில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு மாலைக் கச்சேரிக்குச் செல்லுங்கள், அரங்கு பழகிவிடும்.

தங்கச்சிமடத்துக்காரி:

மூவருக்கும் மிக்க நன்றி. திருவையாற்றை விட்டுவிடுகிறேன். சேதுக்கரையார் ஐயா, மார்கழிக் காற்றில் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

சேதுக்கரையான்:

அந்தப் பயம் நியாயமானதுதான் அம்மா. காற்று அளவுக்கு மேல் வீசினால், 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலமானாலும் வண்டியை நிறுத்தி வைப்பார்கள். ஆகவே இராமேசுவரத்தில் ஏறாமல், பாலத்துக்கு அப்பால் உள்ள இராமநாதபுரத்திலிருந்து சீட்டைப் பதிவு செய்யுங்கள். தங்கச்சிமடத்திலிருந்து சாலைப் பாலம் வழியாகப் பேருந்தில் பகலிலேயே வந்துவிடலாம். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத் தொடங்குகிறது. சபா நிரல் வெளிவரக் காத்திருந்தால் படுக்கை இடம் கிடைக்காது என்பதால், டிசம்பர் கடைசி வாரத்துக்கு உத்தேசமாகப் பதிவு செய்து வைத்து, தேதி பொருந்தாவிட்டால் ரத்து செய்யுங்கள். சிறு தொகை பிடித்துக்கொள்வார்கள். நம் ஊர்ப் பக்கம் வரும் சேது, போட் மெயில் ஆகிய ரயில்கள் இரண்டும் சென்னையிலிருந்து கச்சேரி முடிவதற்கு முன்பே புறப்பட்டுவிடுகின்றன. எனவே ஓர் இரவுத் தங்கலுக்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரியை நிறைவு செய்யும் மங்களம் பாடும் முன்பே எழுந்து ஓட வேண்டியிருக்காது.