சொல் தேவை: 'எவிடென்ஸ் டைலமா'

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி அறிவியலாளர் யோஷுவா பெஞ்சியோ தலைமையில் 2025 ஜனவரியில் வெளிவந்த பன்னாட்டுச் செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு அறிக்கையில் சில பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'எவிடென்ஸ் டைலமா' என்ற இடத்தில் இரண்டு நாளாக வண்டி நிற்கிறது. பொருள் சிக்கலில்லை. தீங்கு வருமா என்று உறுதியாகத் தெரியும் முன்பே அரசு விதி போட்டால் அது தேவையற்றதாகவோ பயனற்றதாகவோ போகலாம். சான்று திரளட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் தீங்கு வாசலுக்கே வந்துவிடலாம். இந்தத் துறை பாயும் வேகத்தில் காத்திருக்க அவகாசமும் குறைவு.

முந்தைய மடல்களில் வந்த 'ஆதாரக் குழப்பம்' வேண்டாம். ஆதாரங்களே ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்றாகிவிடும். போதாததற்கு, 'ஆதார' என்று தொடங்கினாலே இப்போது கை அட்டையைத் தேடுகிறது. 'சான்றுத் தடுமாற்றம்' காதுக்கு இனிமைதான். ஆனால் தடுமாறுவது ஆள். அமைச்சருக்குத் துணிவில்லை போலும் என்று வாசகர் முடித்துவிடுவார். துணிந்தவரும் மாட்டிக்கொள்ளும் நிலை அல்லவா இது?

காலநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமேற்றத்தில் பெரும்பகுதிக்கு மனிதரே காரணமாக இருக்கும் வாய்ப்பு 66 விழுக்காட்டுக்கு மேல் என்று, காலநிலை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசி 2001இல் சொன்னது. 2007இல் அது 90க்கு மேல், 2013இல் 95க்கு மேல். 2021இல், மனிதச் செயல் புவியைச் சூடாக்கியிருப்பதில் ஐயத்துக்கே இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். ஐபிசிசி பிறந்த 1988இல் ஹவாயின் மவுனா லோவா ஆய்வகத்தில் அளந்த கரியமில வாயு ஏறத்தாழ 352 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), 2021இல் 416. சான்று படியேறக் காத்திருந்த காலத்தில் வாயுவும் கூடவே ஏறியிருக்கிறது.

அதனால் என் முன்மொழிவு 'சான்றிருதலை'. இருதலைக்கொள்ளி எறும்பை நினைத்துச் செய்தது. முன்னாலும் தீ, பின்னாலும் தீ. எறும்பின் மேல் குற்றமில்லை.

———

> அதனால் என் முன்மொழிவு 'சான்றிருதலை'.

அக்கா, கொள்ளியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது இருதலைப் பாம்புதான். சரி, கொள்ளியை வைத்துக்கொண்டு 'சான்றுக்கொள்ளி' என்று சொல்லுவமே என்றால், சான்றுக்கே கொள்ளி வைத்த மாதிரி இருக்கு. எங்கட பக்கம் அது செத்தவீட்டுச் சொல். 'இக்கட்டு' என்று ஒரு நல்ல சொல் சும்மா கிடக்குதே. 'சான்று இக்கட்டு' எப்படி? சின்னச் சொல், பேப்பரில் புழங்குற சொல், ஆளைக் குறை சொல்லாத சொல்.

———

தம்பி, பாம்பை நான் யோசிக்கவேயில்லை! 'இக்கட்டு' பிடித்திருக்கிறது, அது நிலைமையைச் சொல்கிறது, நிற்பவரை அல்ல.

ஒரு நெருடல் மட்டும். உங்கள் இலங்கையில் 'சான்றுக் கட்டளைச் சட்டம்' என்று நீதிமன்றமே அந்தச் சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இங்கே தமிழ்நாட்டில் 'சான்று' என்றால் சாதிச் சான்று, வருமானச் சான்று. 'சான்று இக்கட்டு' என்றதும் எங்கள் ஆட்களுக்கு வட்டாட்சியர் அலுவலக வரிசைதான் கண்ணில் தெரியும். அதற்காக 'சாட்சியம்' பக்கம் போனால் கூண்டில் ஒருவர் ஏறி நிற்பார். அளவீடும் ஆய்வும் வெளியே போய்விடும். ஆகவே 'சான்று' இருக்கட்டும். முதலில் வரும் இடத்தில் எறும்பைச் சொல்லி விளக்கிவிட்டு, பிறகு முழுக்கச் 'சான்று இக்கட்டு' என்றே எழுதப்போகிறேன்.

இலக்கணப்படி சேர்த்தால் 'சான்றிக்கட்டு'. மன்னிக்கவும், பிரித்தே எழுதுவேன். சேர்த்தால் ஜல்லிக்கட்டுக்குத் தம்பி போல ஒலிக்கிறது.