புதுப்பிப்பு: அயோடின்-123 ஸ்பெக்ட் சிதறல் திருத்தம், பிரச்சினை தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: ஸ்பெக்ட் (உடலுக்குள் உள்ள கதிரியக்கப் பொருளை முப்பரிமாணத்தில் படமெடுக்கும் முறை) சோதனைக்காக, அயோடின்-123 என்ற கதிரியக்கப் பொருள் நிரப்பிய ஃபாண்டத்தில் (உடலுக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பாத்திரம்), வெறும் தண்ணீர் மட்டும் உள்ள உருண்டை, சிதறல் திருத்தம் (வழியில் திசைமாறி வந்த ஃபோட்டான்களைக் கழிப்பது) போட்ட பிறகும் மங்கலாக ஒளிர்கிறது, ஏன்? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மேல் பக்கமும் ஒரு ஜன்னல் வையுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. (ஜன்னல் என்றால் எண்ணிக்கையில் சேர்க்கும் ஆற்றல் வரம்பு.) வழக்கமான கதிரியக்கப் பொருளான டெக்னீசியத்துக்குப் போட்டுவைத்த அமைப்பையே நகலெடுத்து, உச்சி ஆற்றலை மட்டும் மாற்றியிருந்தேன். டெக்னீசியத்தில் 140 கேஇவிக்கு (கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஆற்றல் அலகு) மேலே பெரிதாக எதுவும் வராது. கீழ் ஜன்னல் ஒன்றே போதும். அயோடின்-123 அப்படியல்ல. 159 கேஇவி கதிரோடு 529 கேஇவி ஃபோட்டான்களும் கொஞ்சம் வரும். அளவு குறைவுதான், ஆனால் கோலிமேட்டரின் (நேராக வரும் கதிரை மட்டும் உள்ளே விடும் துளைத் தட்டு) ஈயச் சுவரைத் துளைத்தும் சிதறியும் ஆற்றல் இழந்து பிரதான ஜன்னலுக்குள் விழுகின்றன.

இப்போது பிரதான ஜன்னல் 143–175 கேஇவி, பக்கத்து ஜன்னல்கள் 137–143, 175–181. இரண்டிலும் ஒரு கேஇவிக்கு எத்தனை எண்ணிக்கை என்று பார்த்து, சராசரியை 32ஆல் பெருக்கினால் சிதறல் மதிப்பீடு. உருண்டை நன்றாகவே இருண்டுவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: ஃபாண்டத்தின் நடுப்பகுதியும் சேர்ந்து மங்கியது. சிதறலையும் சேர்த்துக் கணக்கிட்ட பழைய தணிப்புக் குணகம் (கதிர் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் எவ்வளவு குறைகிறது என்ற எண்) 0.12 அப்படியே இருந்திருக்கிறது! சிதறலைக் கழித்த பிறகு சென்டிமீட்டருக்குச் சுமார் 0.15 வேண்டும். மாற்றினேன், சரியானது.

அப்புறம், 6 கேஇவி ஜன்னலில் இரைச்சல் அதிகம். கழிப்பதற்கு முன் அதை மட்டும் மென்மையாக்கிக்கொள்ளுங்கள்.